பந்தை வெளியே எறிந்தால் கைதட்டுகிறவர்

சேவியர் அண்ணன் காலமான செய்தி எனக்குக் காலையிலேயே வந்துவிட்டது. நான்தான் சாயங்காலம் வரை அதைப் பார்க்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தைக்கு மேலே இருக்கும் என் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் அண்ணனுடைய பெயர். எடுக்கவில்லை, கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் அதிர்ந்தது. இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதே என்று முணுமுணுத்துக்கொண்டு, சிராங்கூன் ரோட்டில் மைத்துனருடைய துணிக்கடைக்குப் போய், கைப்பேசியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். நாள் முழுக்கச் சட்டைத் துணி கிழித்துக் கொடுத்தேன்.

இதை விளக்கிச் சொல்லாவிட்டால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைப்பீர்கள். எங்கள் இருவருக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். காலால் உதைக்கிற பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுவார்களே, அது. அங்கே ஞாயிறு இரவு நடக்கும் ஆட்டம் இங்கே நமக்குத் திங்கள் காலை. பகலில் நான் கடையில் இருக்க வேண்டும் என்பதால், அண்ணன் தன் வீட்டு டிவிப் பெட்டியில் அதைப் பதிவாக விட்டுவிடுவார். சாயங்காலம் நான் பாசிர் ரிஸில் அவர் வீட்டுக்குப் போனபிறகு இருவரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை முடிவு தெரியக் கூடாது. இந்தத் தீவில் அந்த முடிவை நமக்குச் சொல்லிவிட எவனும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒருமுறை, பெட்டி ஒழுங்காகப் பதிகிறதா என்று பார்க்கப்போய் கடைசி நிமிடத்தை அவர் பார்த்துத் தொலைத்துவிட்டார். மதியம் எனக்குப் போன். "பாய், சாப்டாச்சா?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தக் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நான் கத்திய கத்தலில் கடைக்கு வந்திருந்த ஒரு அம்மா புடவையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு சட்டம்: திங்கட்கிழமை, அவர் கதவைத் திறக்கிற வரை, போனும் கிடையாது, மெசேஜும் கிடையாது.

ஆகவே அந்தத் திங்கட்கிழமையும் வழக்கம்போலக் கறி பஃப் வாங்கிக்கொண்டு, பூகிஸில் ரயில் மாறி, பாசிர் ரிஸ் போய்ச் சேர்ந்தேன். அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே வெள்ளைத் துணி கட்டி, வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். பாவம், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, சத்தம் போடாமல் ஓரமாக நடந்துபோய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் வருவதற்குள் திரும்பிப் பார்த்தேன். மேசைமேல் மாலை போட்டு வைத்திருந்த படத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மகள் ஸ்டெல்லா எழுந்து வந்தாள். "அங்கிள், அப்பா போன்லேர்ந்து காலையிலேயே மெசேஜ் போட்டேனே. ரெண்டு தடவை."

"இன்னிக்குத் திங்கக்கிழமை லா மா" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. அவள் வளர்ந்தது அந்த வீட்டில்தானே. என் கையிலிருந்த பையை வாங்கி, மேசையில் வேர்க்கடலைத் தட்டுகளுக்கு நடுவே வைத்தாள். நான் எங்கள் வழக்கப்படி இன்னா லில்லாஹி சொல்லிக்கொண்டு, சவப்பெட்டிக்கு அருகே நின்றேன். சுற்றிலும் உங்கள் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

தேவாலயத்து நண்பர்களே, கப்பல் கட்டும் யார்டில் எங்களோடு வேலை பார்த்தவர்களே, அவரை உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒரு பக்கத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜூரோங்கில் நாங்கள் இருந்த யார்டுக்கு, எண்ணெய்த் துரப்பண மேடை ஒன்றைப் பரிசோதிக்க டெக்சாஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். பேச்சுத்துணை இல்லாமல் தவித்தவர். பிள்ளைகள் அனுப்பும் ஆட்ட வீடியோக்களைப் போட்டுவிட்டு, யார் வந்தாலும் உட்காரச் சொல்வார். நான் போனது ஏர்கானுக்காக. ஓசியில் கோலாவும் கிடைத்தது. அண்ணன் மட்டும் கண் இமைக்காமல் பார்த்தார். ஒருநாள் திரையின் ஓரத்தைக் காட்டி, கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறானே, அவன் யார் என்று கேட்டார். டெக்சாஸ்காரர் சிரித்தார். அவன் ஒன்றுமில்லை, மாற்று குவாட்டர்பேக் என்றார்.

குவாட்டர்பேக் என்பவன் அணியை நடத்துகிறவன். பந்து அவன் கைக்குத்தான் முதலில் வரும். எறிவதா, இன்னொருவனிடம் கொடுப்பதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் அவன்தான் தீர்மானிக்க வேண்டும். பேரும் புகழும் அவனுக்கே. அவனுக்கு அடிபட்டால் இறங்குவதற்கு ஒருத்தன் வருஷக்கணக்காக ஓரத்தில் நிற்பான். இறங்கி, நாலு ஆட்டம் ஜெயித்துக் கொடுப்பான். பெரியவனுக்குக் கால் சரியானதும் திரும்பவும் ஓரத்துக்குப் போய்விடுவான். கோப்பையைத் தூக்குகிற படத்தில் அவன் முகம் பாதி மறைந்திருக்கும்.

அண்ணன் அன்றைக்குப் பிடித்தது அந்தப் பாதி முகத்தைத்தான். பிறகு கடைசிவரை விடவே இல்லை. அவர்களுடைய பெயர்களை எழுதினால் உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அங்கேயே தெரியாது. ஒருநாள் தேக்காவில் நாங்கள் பிரியாணி சாப்பிடும்போது, பக்கத்து மேசை அமெரிக்கர் ஏதோ அணியின் சட்டை போட்டிருந்தார். அண்ணனே வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தார். உலகத்திலேயே சிறந்த குவாட்டர்பேக் யார் என்று இவர் ஒரு பெயரைச் சொல்ல, அந்த ஆள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் மரியாதைக்குத் தலையாட்டினார். அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவன் ஊர்லயே அவனைத் தெரியல பாய்" என்றார். சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. நான் நட்சத்திரங்களின் ஆள். நீளமாக எறிய வேண்டும், கூட்டம் எழுந்து நிற்க வேண்டும், அதுதான் ஆட்டம். அண்ணனோ, எறிவதற்கு ஆள் கிடைக்காமல், எதிரணி பிடித்துவிடக் கூடாதென்று குவாட்டர்பேக் பந்தைக் கோட்டுக்கு வெளியே தூக்கி எறிந்தால் கைதட்டுவார். அரங்கமே உச்சுக்கொட்டும் நேரத்தில் இவர் மட்டும் படபடவென்று தட்டுவார். கைதட்டுகிற இடமா அது என்று நான் எரிந்து விழுவேன். வாரம் தவறாமல் விழுவேன். அவர் அசையவே மாட்டார். "எறியத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் லா. எப்ப எறியக்கூடாதுன்னு தெரிஞ்சவன் எத்தனை பேர், சொல்லுங்க?" என்பார்.

யார்டில் அவருடைய பெயரே ரிலீஃப் சேவியர். கிரேன் ஓட்டுகிறவன் லீவு போட்டால், அந்தக் கிரேனில் அண்ணன் ஏறுவார். எந்தக் கிரேனாக இருந்தாலும் சரி. புதிதாக வந்தவனுக்கெல்லாம் சொந்தக் கிரேன் கொடுத்தார்கள், இவருக்குக் கொடுக்கவில்லை. அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினார். கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே சொன்னார்: "எல்லாத்தையும் நல்லாச் செஞ்சா, அங்கேயே வச்சிடுவாங்க பாய்." அவருக்கு வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலித்தது.

தேவாலயத்திலும் அதே கதை என்பது உங்களுக்கே தெரியும். பூசையில் வேத வாசகம் வாசிக்க வேண்டியவர் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வாரமும் வீட்டில் உரக்கப் படித்துத் தயாராகிவிட்டு, மூன்றாவது வரிசை ஓரத்தில் வந்து உட்காருவார். பெரும்பாலும் வாசிக்க வேண்டியவர் வந்துவிடுவார். இவரும் பூசை முடிந்து சும்மா வீட்டுக்குப் போவார். வீணாகப் போன உழைப்புதானே என்று நான் சீண்டினால், "வரலன்னா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அடக்கப் பூசைக்கு நானும் வந்திருந்தேன். பின்னால் நின்றேன். முதல் வாசகம் வாசிக்க ஸ்டெல்லா எழுந்து போனாள். இரண்டு வரி வாசித்தாள். அப்புறம் முடியவில்லை. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் நீங்கள் எல்லாரும் என்ன செய்தீர்கள் என்று நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள். எழுந்து போக வேண்டியவர் நடுவில் பெட்டிக்குள் கிடந்தார். கடைசியில் சாமியார்தான் வந்து வாசித்து முடித்தார். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அந்தத் திங்கட்கிழமை ஆட்டம் டிவிப் பெட்டியில் இன்னும் இருக்கிறதாம். அப்பா முதல் நாளே பதிவுக்குப் போட்டு வைத்திருந்தாராம். பெட்டியைக் கேபிள் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அந்த ஆட்டம் எதுவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் பல வருஷமாகப் பின்தொடர்ந்த ஒரு மாற்று ஆள், தலைமுடி நரைக்கத் தொடங்கியவன், பெரியவனுக்கு அடிபட்டதால் அன்றைக்கு முதல் நிமிடத்திலிருந்தே இறங்கினான். "பாய், இந்தத் திங்கக்கிழமை சீக்கிரம் வாங்க" என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பார்க்க வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் அல்லவா? பார்க்காதவரை எங்கள் இருவருக்கும் ஒன்று பாக்கி இருக்கும். ஆனால் பெட்டி போய்விட்டால், அவன் விளையாடியதைப் பார்த்தேன் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். போனேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம்தான் போனேன். ஹலால் பார்த்து எனக்கென்று அந்த வீட்டில் தனியாக வைத்திருக்கும் தட்டையும் குவளையையும் ஸ்டெல்லா எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்தாள். விதிகள் புரியாமல் கொட்டாவி விட்டாள். ஆபீஸ் போன் வந்ததும் அறைக்குள் போய்விட்டாள். அவருடைய நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது.

அந்த ஆள் மெதுவாகத்தான் ஆடினான். பெரிதாக ஒன்றும் எறியவில்லை. ஒரு கட்டத்தில் நாலு பக்கமும் அவனை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் அகப்படவில்லை. கொஞ்சமும் பதறாமல் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்தான். கூட்டம் உச்சுக்கொட்டியது.

நான் கைதட்டினேன். தட்டியபிறகுதான் தெரிந்தது, தட்டியது என் கை என்று. இத்தனை வருஷம் வெறுத்த அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கைதட்டுகிற இடமா இது என்று எரிந்து விழ ஆள் இல்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன். ஸ்டெல்லா அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஜெயிச்சாச்சா அங்கிள்?" என்று கேட்டாள். இன்னும் இல்லை மா என்றேன்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் கைதட்டல்தான். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்கும் சொல்லலாம்தான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே ஆளுக்குச் சொல்ல முடியாதபோது, வேறு யாருக்குச் சொல்லி என்ன? திங்கட்கிழமைகளில் கைப்பேசியை இன்னும் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். அது அதிர்வதே இல்லை.