எறும்பு வேஷத்தில் ஒரு நாலறிவு

பூச்சிகளுக்கென்று ஒரு சுப்ரீம் கோர்ட் இருந்தால், அதன் தலைமை நீதிபதி எங்கள் மாடிவீட்டுக் கனகமாலா அக்காதான். செங்கம் ரோட்டுக் கடைகளுக்குத் துணிப்பை தைக்கிறார். ஜைனர், எந்த உயிரையும் கொல்ல மாட்டார். ஆனால் வீட்டுக்குள் வந்ததை விசாரிக்காமல் வெளியே விடவும் மாட்டார். எறும்பு என்றால் மூணறிவு, பார்வை கிடையாது என்பது அவர் கணக்கு. வண்டு நாலறிவு, பார்க்கும். தீர்ப்பு சொன்ன பிறகுதான் காகிதத்தில் ஏந்தி மொட்டை மாடியில் விடுவார்.

ஒரு தடவையாவது அவரைத் தப்பாகத் தீர்ப்பு சொல்ல வைக்க எனக்கு ஆசை. கீழ்பென்னாத்தூர் நெல்வயலில் சரியான ஆள் கிடைத்தது. செவ்வெறும்பு மாதிரி ஒல்லி உடம்பு, தேள் மாதிரி தூக்கிய வால். முதுகில் அரைச்சட்டை போல ஒரு குட்டை மூடி, அதற்குள் மடித்த இறக்கை. அசல் வண்டு. இருட்டும் நேரம், அக்கா காய்ந்த துணி எடுக்க மேலே போனதும், தீப்பெட்டியைத் திறந்து தையல் மெஷின் மேல் விட்டேன்.

அது பறந்துபோய், பாயில் தூங்கிய அக்காவின் கைக்குழந்தை யமுனாவின் கன்னத்தில் உட்கார்ந்தது.

அது கடிக்காது. நசுங்கினால் அதன் சாறு தோலைப் பொசுக்கிவிடும். போன மழைக்கு என் கூட்டாளி இனியன் இப்படி ஒன்றைக் கண்ணருகே நசுக்கிவிட்டு, பல நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தான்.

அக்கா வந்து பார்த்தார். எறும்பு, மூணறிவு என்று சொல்லி, விரலால் தள்ளக் குனிந்தார். நான் ஜெயித்திருந்தேன்.

"வேணாங்க்கா. அது வண்டு. நசுங்கினா கண்ணு போயிடும்."

அக்கா விரலை இழுத்துக்கொண்டார். "வண்டுன்னா பாக்கும் இல்ல?"

டியூப் லைட்டை அணைத்தார். இருட்டில் யமுனா முனகினாள். தூக்கத்தில் முகத்தைத் தேய்த்தால் தீர்ந்தது. அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அக்கா கன்னத்தை ஒட்டிக் காகிதத்தை வைத்து, அதன்மேல் செல்போன் டார்ச்சை அடித்தார். இமையோரம் போன வண்டு நின்றது. வாலைத் தூக்கியது. பிறகு வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, காகிதத்தில் இறங்கியது.

மாடியில் விட்டுவிட்டு வந்து நாலறிவு என்று தீர்ப்பைத் திருத்தினார். ஜன்னல் வழியாகப் பறந்து வந்திருக்கும் என்றேன். அக்கா மெஷினுக்கு அடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். மேலெல்லாம் ஊசியால் குத்திய ஓட்டை, உள்ளே ஈரப் பஞ்சு.

"பறந்துதான் வந்துச்சு, சரி ஆதவா. காத்து வர ஓட்டை போட்டு, குடிக்கத் தண்ணி வெச்சு, வீட்டையும் தூக்கிக்கினா வந்துச்சு?"