பேர் இல்லாத மஞ்சள் குளிசை

மருந்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். டொக்டர்மார் வாசித்தால் மன்னிக்க வேண்டும். ஆனாலும் இந்தக் கிழமைப் பத்தியில் எழுதத்தான் போகிறேன்.

என் கூச்சம் உங்களுக்குத் தெரியும். இறங்க வேண்டிய இடத்தை பஸ் தாண்டினாலும் வாய் திறக்காமல், அடுத்த ஹோல்டில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள்.

என் வீட்டுக்காரர் கடற்கரையில் போட் எஞ்சின் திருத்துகிறவர். நாள் முழுக்க முழங்காலில்தான் வேலை. நோகாமல் என்ன செய்யும்? ஆனால் அவருக்குக் கிட்னி வருத்தமும் இருக்கிறது. கிளினிக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள் — கண்ட கண்ட நோக்குளிசையைப் போட்டால் மிச்சமிருக்கிற கிட்னியும் போய்விடும். பிறகு இரத்தம் சுத்திகரிக்கிற மெஷின்தான்.

போன புதன்கிழமை முழங்கால் நோ தாங்க ஏலாமல் சந்தைக்குப் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். வருத்தமெல்லாம் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியை இவர் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். காட்டினால் "பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று அனுப்பிவிடுவார்களாம். எங்கள் ஊரில் இது ஒரு கெட்டித்தனம்... டொக்டரிடம் தனியாகப் போனவர், கிட்னியைப் பற்றி மூச்சே விடவில்லை.

மருந்து ஜன்னலில் இருந்த பிள்ளை மூன்று கடதாசி உறைகளை நீட்டினாள். காலை, மாலை என்று மட்டும் எழுதியிருந்தது. ஒன்றுக்குள் மஞ்சள் குளிசை.

"இது என்ன குளிசை, தங்கச்சி?"

"நோவுக்கு."

"பேர்?"

"பேரை வச்சு என்ன செய்யப் போறீங்கள் அக்கா? சாப்பிட்டாப் பிறகு போடச் சொல்லுங்கோ."

பின்னால் நின்ற கிண்ணியா ஊர் வியாபாரி நானா ஒருவர் சிரித்தார். "கத்தரிக்கா வாங்கக்குள்ள பேர் கேட்டா வாங்குறம், தங்கச்சி?"

"கத்தரிக்காயைப் பாத்தாத் தெரியும், நானா. இதைப் பாத்தா என்ன தெரியுது?"

என் குரல்தானா அது?

"பேசாம வாரும். ஆக்கள் பாக்கினம்," என்று இவர் கையைப் பிடித்தார்.

"பாக்கட்டும். இவருக்குக் கிட்னி வருத்தம். பேர் எழுதித் தராமல் நான் நகரமாட்டன்."

டொக்டர் எட்டிப் பார்த்தார். "முதலே சொல்லியிருக்கலாமே," என்றார் இவரிடம். நியாயம்தான். முதலே கேட்டிருக்கலாமே என்று எனக்கும் வாய்வரை வந்தது. "ரெண்டு நாளைக்குத்தானே, ஒண்டும் செய்யாது," என்றபடி மூன்று உறைகளிலும் பேரை எழுதினார். எழுத்தில் கோபம் தெரிந்தது. தெரியட்டும், வாசிக்க முடிந்தது.

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிற ஆள் இந்தத் துறைமுக ஊரில் உண்டா? ஒரு நேரக் குழம்புக்கு அவ்வளவு விசாரணை. இரத்தத்தில் கலக்கிற குளிசைக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

சண்டைக்காரி என்று சொல்லுங்கள், பரவாயில்லை. பேர் எழுதாத உறை இனி என் வீட்டுப் படி ஏறாது.

அன்றிரவு அவர் மஞ்சள் குளிசையைத் தொடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

அடுத்த நாள் கிளினிக்கில் மூன்று உறைகளையும் காட்டினோம். மஞ்சள் குளிசை கிட்னிக்கு ஆகாது என்று சொல்லி, அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்கள்.