ஈரம் காயாத நாய்த்துளசி

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிறகு குவாரியில் கல் உடைத்தேன், குடகில் மிளகு பறித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், பேக்கரியில் மாவு பிசைந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, கால் தானாகக் கிளம்பிவிடும். மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையின் கடைசியில் இருந்த தைலக் கொட்டகையில் மட்டும் இரண்டு வருஷம் இருந்தேன். ஓர் இடத்தில் இருந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அங்கேதான்.

துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி, நாய்த்துளசி என்று இலை வரும். அரை நாள் நிழலில் வாட்டி, ஆள் உயர டிரம்மில் மிதித்து அடைத்து, அடியிலிருந்து நீராவி விடுவோம். ஆவி இலையின் எண்ணெயை இழுத்துக்கொண்டு குழாய் வழியாகப் போய், குளிர்ந்து, ஜாடியில் சொட்டும். தண்ணீர் கீழே நிற்கும். எண்ணெய் மேலே மெல்லிய ஏடாக மிதக்கும். மண்டி மொஹல்லாவில் ஊதுவத்தி செய்கிறவர்கள் அதை வாங்கிப் போவார்கள். இலையை மிதிப்பது என் வேலை. முதல் மாதமே ஆவி அடித்து இடது முன்கையில் தோல் உரிந்தது. துணி சுற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தேன். அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாய்த்துளசி எண்ணெய் எப்போதும் கற்பூர நெடியோடுதான் இருக்கும். ஒரு நாள் இறங்கியது வேறாக இருந்தது. முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல. அது அடங்கியதும் உள்ளே இன்னொன்று, கிராம்பு போட்டுக் காய்ச்சிய பால் போல. அதைச் சரியாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வார்த்தை இல்லை. முதலாளி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலக்கும், யாரையும் 'மாராயா' என்றுதான் கூப்பிடுவார், அறுபது வயதிருக்கும். ஒரு சொட்டைப் புறங்கையில் தடவிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"இது யார் கொண்டாந்த லோடுப்பா?"

"ராமாபுரத்து அக்கா சார். மலையில அறுத்ததுன்னு சொன்னாங்க."

"அந்த எடத்தைக் கண்டுபுடி. நான் நேர்ல பாக்கணும். அங்கேயே நெலம் புடிச்சு இதையே போடலாம். நீதான் பாத்துக்கணும். உனக்கு ஒரு வீடும் கட்டித் தரேன். எத்தனை நாளைக்கு மாராயா இப்படி ஊர் ஊரா சுத்துவே?"

அன்றைக்கு என் பையில் இருந்தது இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். எனக்கென்று ஒரு பூட்டு, சாவிகூட இருந்ததில்லை. டிரம்மில் மிதிக்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்குக் கதவு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

இலை கொண்டுவரும் அந்த அக்காவுக்கு ஐம்பது வயது. புருஷன் கொத்தனார், மைசூரில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனவர். நானும் மாதேஸ்வரன் மலை அடிவாரத்து ராமாபுரத்துப் பக்கத்து ஆள் என்பதால் என்னிடம் உரிமையாகப் பேசுவார்.

"மலையில எந்தப் பக்கம்க்கா?"

"மலைன்னா மலைதான். மேயற மாட்டுக்கிட்ட எங்க மேஞ்சேன்னு கேப்பியா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் மலைப் பக்கம் போய்ச் சரிவு சரிவாக ஏறி இறங்கினேன். பார்த்த செடியிலெல்லாம் இலையைக் கசக்கி முகர்ந்தேன். எல்லாம் கற்பூரம். மூன்றாவது ஞாயிறு திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ஒன்று உறைத்தது. மறுநாள் வாசலில் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, காலைல எட்டு மணிக்கு எலையில பனி ஈரம் காயாம கொண்டாறீங்க. ஊர்ல இருந்து மொதல் பஸ் இங்க வரவே பத்து மணி ஆகுதே."

தலையிலிருந்த கட்டைக் கீழே இறக்கினார். "ரெண்டு வருசமா மிதிச்சு மிதிச்சு உனக்குக் கால்லயே மூளை வந்துருச்சா?"

அடுத்த நாள் விடிந்ததும் என்னை அழைத்துப் போனார். மைசூருக்கு வெளியே ஓர் இடுகாடு. ஒரு மண் மேட்டைச் சுற்றி இடுப்பளவு நாய்த்துளசி. கிட்டே போகும்போதே அந்த வாசம் வந்தது.

"தலைமாட்டுல துளசி வெக்கோணும்னாங்க. வெச்சேன், காஞ்சு போச்சு. ஊர்ல இருந்து இந்த வெதையைக் கொண்டாந்து போட்டேன். அவரு மாதிரியேதான் பாரு, சொல்லாம கொள்ளாம நாலு பக்கமும் போயிருச்சு." குனிந்து அறுத்துக்கொண்டே சொன்னார். "இருந்தப்ப ஒரு மொழம் பூ வாங்கித் தந்ததில்ல. இப்பத்தான் என்ற வூட்டுக்காரரு சம்பாரிச்சுப் போடறாரு."

அவருடைய கட்டுகளின் அடியில் சில நாள் பொரி ஒட்டியிருக்கும். அவர் தின்று சிந்தியது என்று நினைத்திருந்தேன். அது பிணத்தோடு இறைத்துக்கொண்டு வந்த பொரி.

"சாமிக்கு ஏத்தற வத்திக்குப் போற எண்ணெய், தம்பி. சுடுகாட்டு எலைன்னு தெரிஞ்சா உன்ற மொதலாளி அத்தனையும் கீழ ஊத்திட்டு டிரம்மைக் கழுவுவாரு. அப்புறம் நான் எதைக் கொண்டாந்தாலும் வாங்க மாட்டாரு. ஆனா உனக்கு வூடு கெடைக்குதுன்னா சொல்லிக்கோ. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கோவித்துக்கொள்வேன் என்று அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை முதலாளியிடம் சொல்லியிருப்பேன்.

மலையில் இடத்தைப் பார்த்துவிட்டதாக முதலாளியிடம் சொன்னேன். வீட்டு ஆசை அப்படிச் சொல்ல வைத்தது. மறுநாளே அவர் வேனை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை. கொள்ளேகால், ஹனூர் வழியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் கிணறு எங்கே வெட்டுவது என்று பேசிக்கொண்டு வந்தார். நாய்த்துளசி அடர்ந்திருந்த ஒரு சரிவில் நிறுத்தச் சொன்னேன். ஓர் இலையைக் கசக்கினார். இன்னொன்று. பத்தடி தள்ளிப் போய் மறுபடியும் ஒன்று.

"இது இல்லப்பா."

"மழை இல்லீங்க சார், அதனால..."

"எனக்கு மூக்கு இருக்கு மாராயா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. எதுக்கு சும்னே பொய்?"

திரும்பும்போது அவர் திட்டவில்லை. கொள்ளேகாலில் டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. அந்த அக்கா எப்போதும் போல எட்டு மணிக்கு வந்தார். அந்த எண்ணெய் மறுபடி இறங்கும்போது முதலாளி கண்ணை மூடி நிற்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதைத் தாங்க முடியாமல்தான் கிளம்பினேன். என் வாழ்க்கையில் கால் வராமல் நான் இழுத்துக்கொண்டு கிளம்பிய இடம் அது ஒன்றுதான்.

போகிற அன்று அக்கா காய்ந்த கதிர்களை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, கருப்பு விதைகளை ஒரு கவரில் முடிந்து கொடுத்தார். "போற ஊர்லெல்லாம் போடு" என்றார்.

போட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி மாடியில், ஓசூரில் லாட்ஜ் கொல்லையில், பிறகு எத்தனையோ இடங்களில். முதல் விதைப்பில் வாசம் அப்படியே வந்தது. அடுத்த வருஷம் எலுமிச்சை இருந்தது, உள்ளே இருந்தது குறைந்துவிட்டது. தெருவோரச் செடிகளின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிடுகிறது. அதன் பிறகு பூக்கும்போது கொசுவலைத் துணியால் மூடி வைத்தேன். வாசத்துக்கு நெருங்கிய செடியில் மட்டும் விதை எடுத்தேன். அறைகளைக் காலி செய்யும்போது சட்டையை மறந்திருக்கிறேன், விதைக் கவரை மறந்ததில்லை.

போன வருஷம் மைசூருக்குத் திரும்பி வந்தேன். ஹெப்பாளில் ஒரு பெரிய கம்பெனியின் புல்வெளிக்குத் தண்ணீர் விடுகிறேன். தைலக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கிடங்கு. முதலாளி வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டாராம். இடுகாட்டைச் சுற்றி மதில் எழுப்பி உள்ளே கல் பாவியிருக்கிறார்கள். காவல்காரரிடம் அந்த அக்காவைப் பற்றிக் கேட்டேன். அப்படி யாரும் வருவதில்லை என்றார்.

என் அறை மாடியில் மூன்று டின்களில் செடி நிற்கிறது. இன்று காலை ஓர் இலையைக் கசக்கினேன். எலுமிச்சை உடனே வந்தது. மற்றதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது போலத்தான் இருந்தது. வந்ததா, நானாக வரவழைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. அப்போது கேரளாவிலிருந்து போன் வந்தது. பழைய பேக்கரிக்காரர், இங்கே தருவதைவிட நல்ல சம்பளம் சொன்னார், திங்கட்கிழமையே வரச் சொன்னார். இப்போதுதான் பூ விட்டிருக்கிறது, விதை முற்ற ஒரு மாதம் ஆகும், வர முடியாது என்றேன்.

"என்ன விதை?" என்று கேட்டார்.

"நாய்த்துளசி" என்றேன்.

"அது ரோட்டோரமெல்லாம் முளைக்குமே" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.