அவளைக் கொன்ற கிருமியைப் பார்க்கப் போனேன்

துர்கா பூஜைக்கு வாங்கிய புதுச் செருப்பு கடித்துத்தான் என் மனைவி செத்தாள். கொல்கத்தாவில், டாக்குரியாவில் எங்கள் குடியிருப்பில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சர்க்கரை உள்ள உடம்பு. சொன்ன பேச்சைக் கேட்காமல் பந்தல் பந்தலாக நடந்தாள், குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. மூன்று வாரம் கழித்து வரும் காளி பூஜைக்குள் அது பெரிய புண்ணாகிவிட்டது. எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. கடைசியில் காலை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது.

காலை வெட்டுவதற்கு முன்பே, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வார்டுக்கு வந்தாள். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு, தானும் தமிழ்தான், பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே என்றாள். வங்காளிப் பிள்ளைகள் சித்தப்பா சித்தியைக் கூப்பிடுவதுபோல என்னைக் காக்கு என்றும் என் மனைவியைக் காக்கிமா என்றும் கூப்பிட்டாள். புண்ணிலிருந்து பஞ்சில் கொஞ்சம் சீழ் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டாள். மிளகிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துப் பார்க்கிறார்களாம்.

"மருந்து உள்ளே போனா இந்தக் கிருமி பம்பு போட்டு வெளியே இறைச்சிடும் காக்கு. மிளகுல இருக்கறது அந்த பம்பை அடைச்சிடும். அப்புறம் பழைய மருந்தே வேலை செய்யலாம்."

"அப்போ ரசம் வெச்சுக் குடுத்தா போதுமே," என்றேன் எரிச்சலோடு.

என் மனைவி சிரித்தாள். "இவர் வெக்கிற ரசத்தைக் குடிச்சா கிருமி மட்டுமா சாகும்? நீ எடுத்துக்கோ கண்ணு," என்று காலை நீட்டினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் போன் செய்து துக்கம் விசாரித்தாள். பேச்சுவாக்கில், அந்தப் புண்ணிலிருந்து எடுத்த கிருமி இன்னும் லேபில் இருக்கிறது என்றாள்.

"உயிரோடயா?"

"ஆமா காக்கு. ஃப்ரீசர்ல வெச்சிருக்கோம். அப்பப்போ வெளியே எடுத்து வளர்ப்போம்."

அவளை எரித்துச் சாம்பலைக் கங்கையில் கரைத்தாயிற்று. அவளைத் தின்றதற்கு மட்டும் அங்கே சாப்பாடு போட்டு வளர்க்கிறார்கள். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தாள். அழித்துவிடச் சொல்வதற்காகவே ஆட்டோ பிடித்து ஜாதவ்பூர் போனேன்.

லேபுக்குள் என்னை விடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, மூடி ஒட்டிய இரண்டு வட்டத் தட்டுகளைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கிக் காட்டினாள். ஒன்றின் நடுவில் ஆன்டிபயாடிக் மட்டும் தோய்த்த வில்லை. தோசைமாவைத் தடவினாற்போல் கிருமி அந்த வில்லையின் விளிம்புவரை ஏறியிருந்தது. மற்றதில் மிளகுப் பொருளும் சேர்ந்த வில்லை. அதைச் சுற்றித் துணியால் துடைத்துவிட்டாற்போல் வெறிச்சென்று இருந்தது. அங்கே ஒன்றும் பிழைக்கவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தாள்.

"இதை அவளுக்குக் குடுத்திருந்தா?"

"முடியாது காக்கு. தட்டுலதான் வேலை செய்யுது. இவ்வளவு போட்டா மனுஷத் தோல் தாங்குமான்னே இன்னும் தெரியாது. வருஷக்கணக்குல ஆகும்."

"அப்போ அழிச்சிடு."

"நீங்க சொன்னா இன்னிக்கே அழிச்சிடறேன். அது உங்க உரிமை. ஆனா இவ்வளவு முரட்டுக் கிருமி எங்ககிட்ட வேற இல்ல. இதுவும் போச்சுன்னா மருந்தை எது மேல சோதிக்கறது?"

நியாயமான பேச்சுதான். நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டதாக எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பொய். யாருடைய காயமோ ஆறும் என்ற எண்ணம் அப்போது எனக்குத் துளியும் இல்லை. அந்தக் கிருமி ஒரு தடவை செத்தால் போதாது என்றுதான் தோன்றியது.

"சரி, வெச்சுக்கோ," என்றேன். "வளர்த்து வளர்த்துக் கொல்லு."