புதன்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணை மூடவும்

வண்டி விற்பதற்கு வாய் போதும். விற்ற வண்டியின் சாவியைக் கையில் கொடுப்பதற்குப் பஞ்சாங்கமும் எருமைமாட்டுத் தோலும் வேண்டும். கடலூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் ஒன்பது வருஷமாக டெலிவரி கவுண்டரில் இருக்கிறேன். வீடு சிதம்பரம். செவ்வாய்க்கிழமை எவரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். அந்தக் கூட்டமும் சேர்ந்து புதன் காலை வந்து நிற்கும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதே! பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் வருவதற்குள் அத்தனை பேருக்கும் சாவி வேண்டும்.

தலைமை அலுவலகத்துக்கு இதெல்லாம் தெரியாது. வாரத்தின் நடுவில் ஊழியர்களின் மனசு சோர்ந்துவிடுகிறதாம். அதனால் புதன்தோறும் பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை டிவியில் ஒரு மேடம் தோன்றி அதைத் தேற்றுவார். கவுண்டரில் உட்காரும் சக பாவிகளே, உங்கள் கம்பெனிக்கும் இந்தக் கருணை பிறந்திருந்தால் மேலே படியுங்கள்.

கூட்டுப் பிரார்த்தனை

முதல் புதன். குமராட்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் குடும்பத்தோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. சாவி என் டிராயரில். மணி பதினொன்று அடித்ததும் மேனேஜர் எங்களைக் கண்ணாடி அறைக்குள் ஓட்டிக் கதவைச் சாத்தினார். "கண்ணை மூடி, கடல் அலையை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் மேடம். கடலூர்க்காரர்களுக்குக் கடல் அலை என்றால் என்ன ஞாபகம் வரும் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை.

அரைக்கண்ணில் பார்த்தேன். விவசாயி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து சாவியைக் கொடுத்தபோது அவர் கோபப்படக்கூட இல்லை. உண்மையான கவலையோடு கேட்டார்: "ஏம்மா, வண்டிய ஓட்டப்போறது நாங்க. நீங்க எதுக்கு எங்களவிட பயந்துபோயி சாமி கும்புடுறீங்க?"

மூன்று முகங்கள்

வகுப்பு முடிந்ததும் செல்போனில் மூன்று முகம் வரும். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். நம் மனசு எப்படியோ அதை அமுக்க வேண்டும். விவரம் தெரிந்த நாங்கள் சிரித்த முகத்தை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். சர்வீஸ் பிரிவு சந்துரு மட்டும் ஒருநாள் அழுகிற முகத்தை அமுக்கினான். அன்று காலையில்தான் ஒரு கஸ்டமர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தார்.

உடனே தலைமை அலுவலகத்திலிருந்து போன். மேனேஜர் சந்துருவைக் கூப்பிட்டார். ஏன் அழுகை என்று கேட்கத்தான் போகிறார் என்று நம்பினேன், புத்தி கெட்டவள். அவர் சொன்னது: "ஒன் ஒருத்தனால நம்ம பிராஞ்சு மார்க்கு எறங்குதுப்பா. அழுவுறதா இருந்தா வியாழக்கெழம அழுவு."

டாக்டர் வரும் நாள்

எனக்குச் சில மாதமாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் கவுண்டர் முன்னால் கூட்டம் நிற்கும். அந்த எரிச்சலெல்லாம் வீட்டில்தான் கொட்டியது. ஒருநாள் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே என் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அன்றுதான் பயந்துபோனேன். என் பிள்ளைக்கே நான் ஆகாதவளாகிக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் ஒரு மனநல டாக்டர் வருகிறார், புதன் காலை மட்டும். மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லி அரைநாள் லீவு கேட்டேன். வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் சொன்னார்: "மனசு சரியில்லன்னா அவசியம் பாக்கணும்க்கா. ஆனா புதன்கெழம மனநல வகுப்பு இருக்கே, அத எப்படி வுடுறது?"

ஆடி மாதத்து அதிசயம்

ஆடி பிறந்தது. ஆடியில் புது வண்டி எடுக்க ஆள் வராது. ஒரே ஒரு புதன் போய் வரச் சொன்னார் மேனேஜர், செல்போன் வழியாக வகுப்பில் என் முகம் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிளினிக் வராந்தாவில் செல்போனை எதிரே ஸ்டூலில் சாய்த்து வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேடம் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். புதன்கிழமை பதினொரு மணிக்கு என்னிடம் சாவி கேட்க ஒரு ஆள் இல்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது வராந்தா காலி, டாக்டர் கிளம்பியிருந்தார். அழுகையே வந்துவிட்டது. நர்ஸ் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பேரு கூப்புட்டேன்க்கா. தூக்கம் வரலன்னுதான் இங்க எல்லாரும் வர்றாங்க. தூங்குறவுங்கள எழுப்ப மனசு வரல. அடுத்த புதன் வந்துடுங்க."

மறுநாள் ஷோரூமில் எனக்குக் கைதட்டல். கண் மூடி அமைதியாக இருந்த என் முகத்தை மேடம் எல்லா பிராஞ்சுக்கும் காட்டி, இவரைப் போல இருங்கள் என்றாராம். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "இனிமே நீங்க இல்லாம வகுப்பே கெடையாதுக்கா. ஒரு புதன்கூட லீவு கேட்டுடாதீங்க."

ஆக, என் மனநலத்துக்காகக் கம்பெனி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது, ஒரு புதன்கிழமையைத் தவிர.