கேட்டில் சொன்ன பொய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி மாதம். ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்த லைன் வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். ஆஸ்பத்திரியில் ‘இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’ என்று அனுப்பிவிட்ட நோயாளி யாராவது எங்கள் வரிசையில் இருந்தால், பெண்கள் சிலர் முறை வைத்து அவர்களோடு இருப்போம். உடம்பைத் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, வாயை நனைப்பது. இதற்குச் சங்கமோ தலைவியோ கிடையாது.

அப்போது மத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிற்றில் புற்றுநோய். கணவர் இல்லை. ஒரே மகன், பக்கத்துத் தொழிற்சாலையில் டிரெய்னி. அந்த மாதம் லீவு போடாமல் வந்தால்தான் பர்மனென்ட்.

“எனக்கு என்னா ஆனாலும் அவனக் கூப்பிடாதீங்க. செத்தப்புறம் வந்தாப் போதும்” என்று அந்த அம்மா எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலை, என்னோடு முறைக்கு வந்திருந்தவர் வளையல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெண். அவர்தான் முதலில் கவனித்தார்.

“அக்கா, மூச்சு மாறிப்போச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. புள்ளையக் கூட்டியாங்க.”

“கூப்பிட வேணாம்னு சொல்லியிருக்காங்களே?”

“வாய்தான் சொல்லுது. கண்ணப் பாருங்க, வாசல்லயே நிக்குது. நடங்கக்கா!”

தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியிடம், பையனின் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்றேன். அவர் சிரித்தார்.

“சினிமாவுக்குப் போறவனுக்கும் அம்மாவுக்குத்தான் முடியாமப் போவுது. சாவுன்னா உடனே கேட் பாஸ் குடுப்பாங்க. முடியலன்னா ஷிப்ட் முடிஞ்சுதான். இருக்காங்களா, போயிட்டாங்களா? அதச் சொல்லும்மா.”

பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். அங்கே மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

“போயிட்டாங்க” என்றேன்.

உள்ளேயே அவனிடம் செய்தியைச் சொல்லிவிட்டார்கள். கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு அழுதபடி ஓடிவந்தான். செக்யூரிட்டியின் கண் பார்வை தாண்டும்வரை என்னால் வாய் திறக்க முடியவில்லை. ரோட்டு முனை திரும்பியதும், “தம்பி, அம்மா இருக்காங்கப்பா. உன்ன வெளிய கொண்டாரத்தான் அப்படிச் சொன்னேன்” என்றேன். என்னையே வெறித்துப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். பிறகு எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது, வளையல்காரப் பெண் அந்த அம்மாவைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். மகன் எதிரில் மண்டியிட்டிருந்தான்.

“ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிடுச்சும்மா.”

“கையக் கழுவுனியாடா?”

அவன் கழுவப் போகவில்லை. அந்த எண்ணெய்க் கையை அம்மாவே இழுத்துத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதுவதற்குள் உயிர் அடங்கிவிட்டது.

சாவுக்காகப் போனதை லீவுக் கணக்கில் சேர்க்கவில்லை; அவனுக்கு வேலை நிரந்தரமானது. என் மேல் அவன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. ஆனாலும், ஒரே காலையில் அவன் அம்மாவை இரண்டு முறை சாகவைத்தேனே என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை. அன்று முதல், யாருக்காவது உடம்பு ரொம்ப முடியவில்லை என்று காதில் விழுந்தால் அன்றைக்கே கிளம்பிப் போய்விடுகிறேன். போனபிறகு போய்ப் பார்க்க எல்லோரும் அனுமதி தருவார்கள், உயிர் இருக்கும்போது போவதற்கு நாமேதான் வழி உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.