உரிமதாரர் பொன்மணி

பொன்மணிக்குச் சந்தேகம் பிறவிக்குணம். கேஸ் சிலிண்டர் வந்து இறங்கினால் எடை போட்டுக் காட்டாமல் கொண்டுவந்தவரை வாசலைத் தாண்ட விடமாட்டாள். காய்காரரின் தராசுத் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். பாலில் ஒரு சொட்டு எடுத்து நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். கோவில்பட்டியில் அவர்கள் தெருவுக்கு வியாபாரத்துக்கு வருகிறவர்கள், அந்த வீட்டைத் தாண்டும்வரை கூவாமல்தான் போவார்கள்.

இப்படிப்பட்ட பொன்மணி, புருஷன் விஜயராஜ் நீட்டும் காகிதத்தில் மட்டும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போடுவாள். அவர் விரலை வைக்கிற இடத்தில் பேனாவை வைப்பாள். படிக்கத் தெரியாதவள் இல்லை. எப்போதும்வென்றான் என்ற ஊரில் பிறந்து, பத்தாம் வகுப்பில் நானூற்றுச் சொச்சம் மார்க் வாங்கியவள். தினம் மத்தியானம் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை ஒரு வரி விடாமல் படிப்பவள். புருஷன் கொடுக்கும் காகிதத்தைப் படிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் விஜயராஜ் எட்டயபுரம் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் வெடிக்கடை போட்டார். பட்டாசு வைத்து விற்கும் உரிமத்தை மனைவி பெயரில் எடுத்தார். “வீட்டு மகாலட்சுமி பேர்ல எடுத்தாத்தான் வெளங்கும்ட்டி” என்றார். பொன்மணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் இதைச் சொல்லியே நாலு பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள்.

அந்த மகாலட்சுமி கடைக்குள் மட்டும் போகக் கூடாது. “வெடி இருக்க எடத்துல பொம்பளையாளு காலடி படக் கூடாது. அக்கினி சுத்தம் பாக்கும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஊரில் தீப்பெட்டி ஆபீஸ்களில் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில் பாதிக்கு மேல் பெண்கள்தான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் சாமி காரியம் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆயுத பூஜைக்குக்கூட வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுவாள்.

போன புரட்டாசியில் ஒரு மத்தியானம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. எங்கோ வெளி மாவட்டத்தில் வெடிக்கடை தீப்பிடித்து இரண்டு பேர் இறந்திருந்தார்கள். உரிமம் வைத்திருந்த பெண்ணைக் கைது செய்துவிட்டார்கள். கணவர் தலைமறைவு. அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பத்து மூன்று என்று போட்டிருந்தது. பொன்மணிக்கும் அதே வயது. “பாவம், கடையில என்ன இருந்துச்சுன்னு அந்தப் பொம்பளைக்கு என்னத்தத் தெரியும்” என்று வாய்விட்டுச் சொன்னவள், சொல்லி முடிக்கும் முன்பே பேப்பரை மடித்துவிட்டாள். நமக்கு மட்டும் என்ன தெரியும் என்று மனசு கேட்டது.

அதே வாரம் விஜயராஜ் உரிமத்தைப் புதுப்பிக்கும் தாள்களோடு வந்தார்.

“இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு போடு.”

“கை எண்ணெயா இருக்கு. வச்சிட்டுப் போங்க.”

அவர் போனதும் ஒவ்வொரு தாளாகப் படித்தாள். உரிமத்தில் சொன்ன எடைக்கு மேல் ஒரு கிலோகூட வைக்கக் கூடாது. வரைபடத்தில் காட்டிய அறையைத் தவிர வேறெங்கும் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் உரிமதாரரே பொறுப்பு. வரைபடத்தில் கடை மட்டும்தான் இருந்தது. கடைக்குப் பின்னால் கரிசல் காட்டுக்குள் விஜயராஜ் கட்டியிருக்கும் ஷெட்டைக் காணோம். சோளத்தட்டை அடைக்க என்று சொல்லி அவர் கட்டியது அது. மாடே இல்லாத வீட்டுக்குச் சோளத்தட்டை எதற்கு என்று இத்தனை வருஷம் கேட்காமல் விட்டோமே என்று அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

மறுநாள், அவர் டவுனுக்குள் வந்திருந்த நேரம் பார்த்து டவுன் பஸ் ஏறிப் போய், ஷெட்டு தெரிகிற மாதிரி காட்டோரம் ஓர் உடைமரத்தடியில் நின்றாள். ஷெட்டுக் கதவு திறந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்து, பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொம்பளைக் காலடி படக் கூடாத இடம்! பொன்மணிக்கு ரத்தம் கொதித்தது. அவர் ஆறு மாதமாக மீசைக்கு மை பூசுவது, சோற்றுத் தூக்கை ஷெட்டுக்கே கொண்டுபோவது, போன் அடித்தால் எழுந்து வெளியே போவது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. வயசு போன காலத்தில் இந்தக் கூத்தா! காட்டுக்குள் இறங்கி விறுவிறுவென்று போய், அவள் கையைப் பிடித்தாள்.

“யாருட்டி நீ?”

“நான் செல்வமாரிக்கா. புதூர்ப் பக்கம். கிப்ட் பாக்ஸ் கட்ட வாரேன்.” அவள் பொன்மணியை உற்றுப் பார்த்துச் சிரித்தாள். “நீங்கதான மொதலாளியம்மா? கடைக்குள்ள லைசென்ஸுல ஒங்க போட்டோதான ஒட்டியிருக்கு.”

“கதவத் தொற.”

தரையிலிருந்து கூரைத் தகரம் வரை வெடிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் நடுவில் இடம் இருந்தது. மேலே, தோல் உரிந்த வயரில் ஒரு குண்டு பல்பு தொங்கியது.

“எம்புட்டு நாளா இப்படி?”

“நான் வந்தே மூணு வருஷமாச்சுக்கா. அதுக்கு முன்னயும் இப்படித்தானாம்.”

“ஆபீசர் வந்தா?”

“பூட்டிப்போட்டு சோளத்தட்டைன்னு சொல்லிருவாவ அண்ணாச்சி.”

பொம்பளை விவகாரம் இல்லை என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷம் லைசென்ஸில் ஒட்டியிருக்கும் தன் போட்டோ நினைவுக்கு வந்தது. பொம்பளை விவகாரமாக இருந்திருந்தால் பிடித்து உலுக்கிச் சண்டை போட்டிருக்கலாம்.

அன்று டவுனிலேயே வேலை இருந்ததால், மத்தியானம் விஜயராஜ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். சாம்பார் சாதத்தை முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

“ஏங்க, அந்த ஷெட்டு தீப்பிடிச்சா யாரப் பிடிப்பாவ?”

“நல்ல வாயா வச்சுப் பேசு.”

“பிடிச்சா?”

“லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கோ அவியளத்தான்.” பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வது மாதிரி சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகப் பேச ஆரம்பித்தார். “பயப்படாதட்டி. நீ உள்ள போனா நான் வெளிய இருப்பேன்லா? வக்கீல வச்சு ஒரு மாசத்துல எடுத்துருவேன். நான் உள்ள போயிட்டா எனக்கு யாரு ஓடியாடுவா? ஒனக்குக் கோர்ட்டு வாசல் எந்தத் திக்குன்னு தெரியுமா? இதெல்லாம் யோசிச்சுத்தான் அன்னைக்கே ஒன் பேர்ல எடுத்தேன். ரசம் ஊத்து.”

ஊற்றினாள். அவர் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“ரெனிவல்ல கையெழுத்துப் போடமாட்டேன். ஒங்க பேருக்கு மாத்துங்க. அதுல போடுதேன்” என்றாள்.

விஜயராஜ் முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். மறுநாள் சேவும் கடலை மிட்டாயும் வாங்கிவந்து கொஞ்சினார். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் காவியாவை விட்டுப் போனில் சொல்லவைக்கப் பார்த்தார். அவள் அம்மா சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, “அம்மா, போட்டுராதீங்க” என்று வைத்துவிட்டாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள், “காகிதந்தான, மாத்திக்கிட்டாப் போச்சு” என்று இறங்கிவந்தார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹரிஹரசுதன் என்பவர் இந்த மாதிரி மனுக்களை எழுதிக் கொடுப்பார். அவர் பெயர் மாற்றத்துக்கான மனுவைத் தயார் செய்து விஜயராஜின் போட்டோவை ஒட்டினார். பொன்மணி போடவேண்டிய இடத்தில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள். விஜயராஜ் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் தாளிலிருந்து விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஒரு தாளைத் திருப்பி இரண்டு தரம் படித்தார்.

“இது எப்பம் என் பேருக்கு வரும்?”

“ஆபீசர் வந்து பாக்கவே ஒரு மாசம் ஆவும் அண்ணாச்சி. ஆனா மனு குடுத்தாச்சுன்னா, நாளைக்கு ஒண்ணு ஆனாலும் ஒங்களையும் சேத்துத்தான் கேப்பாவ.”

விஜயராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பொன்மணியை வீட்டில் இறக்கிவிட்டு, சாப்பிடாமலே வண்டியைத் திருப்பினார்.

சாயங்காலம் நாலு மணிக்கு, அன்று ஷெட்டில் வைத்து நம்பர் வாங்கிக்கொண்ட செல்வமாரி போன் செய்தாள்.

“அக்கா, ரெண்டு வேன் வந்து நிக்கி. ஷெட்டுல உள்ளது பூராத்தையும் ஏத்தி, வாங்குன எடத்துக்கே அனுப்புதாவ. தீவாளி முடியட்டுமே அண்ணாச்சின்னேன். ஒரு ராத்திரி கெடக்கக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்காவ.”

ஏழு மணிக்கு விஜயராஜ் வீட்டுக்கு வந்தார். குளித்தார். வெகுநாளைக்கு அப்புறம் முகம் தெளிந்திருந்தது.

“ஷெட்டக் காலி பண்ணிட்டேன்ட்டி. நம்ம பேர வச்சிக்கிட்டு அம்புட்டு வெடியையும் அங்கன போட்டுட்டு வந்தா, மனுசனுக்குத் தூக்கம் வருமா?” என்றார்.

பதினோரு வருஷமாக, தலையணையில் தலை பட்டதும் குறட்டை விட்ட மனுஷன் அவர். பொன்மணி அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.